ஒன்பது பேருக்கு ஒரு லென்ஸ்

அன்புள்ள யோகேஸ்வரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி குறைந்ததா?

தேயிலைத் தோட்டத்துக் கணக்கர், அதான் கிராணி, இன்று காலை நாடா வைத்து அளந்து சொன்னார்: கந்தசாமி அண்ணன் வீட்டு வாசலில், பள்ளத்தை ஒட்டிய விரிசல் நான்கு அங்குலம். போன வாரம் இரண்டு.

பத்திரிகைச் செய்திக்காக அந்தக் குடும்பத்தைப் படமெடுத்தேன். ஐம்பது எம்எம் லென்சில் ஒன்பது பேரும் அடங்கவில்லை, விரிசல் பக்கமாகப் பின்னால் நகர்ந்தேன்.

"தம்பி, போதும் லா! இன்னும் ஒரு எட்டு வச்சா நாளைக்கு நீங்கதான் செய்தி," என்று அண்ணன் சிரித்தார். அவர் மனைவி சீதா மட்டும் படத்தில் விடுபட்டுவிட்டார்.

நம் இருவருக்கும் அந்த லென்ஸ் போதுமாக இருந்தது. தானா ராத்தா ஊருக்கு வரும் பஸ்ஸில், இன்னும் அகலமாகப் பிடிக்கும் முப்பத்தைந்து எம்எம் லென்சை அனுப்பு. விரிசலைத் தாண்டாமலே எல்லாரையும் எடுத்துவிடலாம். கூடவே உன் படம் ஒன்றும் வை.

மழை விடவில்லை. விரிசலைப் பார்க்க இன்ஜினியர் வெள்ளிக்கிழமை வருவாராம். அதுவரை ஒன்பது பேரும் அந்த வீட்டில்தான் தூங்குகிறார்கள்.

அவசரத்தில்,
புனிதன்