வெள்ளிக் காப்பும் வலது கண்ணும்

நவம்பர் 18, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். ஏரிப் பக்கம் கறுத்துக் கிடக்கிறது. துவைத்த துணி அப்படியே ஈரம்.

டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட தாளைச் சுவரில் ஒட்டினேன். இடது கண்ணை மூடிக்கொண்டு பார்க்க வேண்டும். நடுக் கட்டங்கள் இல்லை, சாம்பலாக ஒரு திட்டு. ஓரமெல்லாம் சரி. நேற்றும் இதேதான்.

அம்மாவையும் அப்படிப் பார்த்தேன். கொண்டை தெரிகிறது, கம்மல் தெரிகிறது. முகம் இல்லை.

வாங்க: சொட்டு மருந்து, கொசுவத்தி, ரீசார்ஜ்.

பெங்களூர் லேபில் லேசர் வெளிச்சம் கண்ணில் பட்டுவிட்டது என்று மட்டும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். எப்படிப் பட்டது என்று சொல்லவில்லை.

19, புதன்

மழை விட்டது. அம்மா களை எடுக்கப் போகவில்லை, எனக்காக. முறைத்தேன். கேட்கிற ஆளா.

வெங்காயம் உரித்துக்கொண்டே, "அந்த லைட்ட வச்சிக்கினு இன்னாதான்டி பண்ற?" என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். "அரிசி மாதிரி ஒரு கல்லும்மா. அதுக்குள்ள எலக்ட்ரான்னு ஒண்ணு ஓடிக்கினே கீது. ஒரு லைட்டு மின்னி அத்த தட்டி வுடும். பின்னாடியே இன்னொண்ணு மின்னி, எங்க ஓடிச்சின்னு பாக்கும். அவ்ளோ சின்ன மின்னலு. அது இல்லன்னா புடிக்கவே முடியாது."

"நீ பாத்தியா?"

"கண்ணால பாக்க முடியாது. கம்ப்யூட்டர்ல கோடா வரும்."

"கண்ணால பாக்காத ஒண்ணுக்கா கண்ண குடுத்துட்டு வந்த?"

வெங்காயம் வசதியாக இருந்தது, அழுதேன்.

20, வியாழன்

லேபில் கூட வேலை செய்யும் ஷீபா போன். "ஒன் கண்ணுல பட்ட அன்னிக்கு எடுத்த டேட்டா சுத்தமா இருக்குடி! அலை தெரியுது." கல்லுக்குள் எலக்ட்ரான் ஓடுவதைக் காட்டும், இரண்டு வருஷமாகத் தேடிய அலை. சந்தோஷம்தான்.

புரொபசருக்கு, நடந்ததை எழுதி அனுப்பியாக வேண்டும். எழுதினேன்:

ஒளி பாதை தவறிவிட்டது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டால், ஒளி விழும் இடம் பார்க்கும் அட்டையில் புள்ளி தெரியவில்லை. நெற்றிக்கு ஏற்றிவிட்டேன். ஆடியைத் திருப்பக் கை நீட்டினேன். கையில் வெள்ளிக் காப்பு. ஒளி அதில் பட்டுத் திரும்பியது. கண்ணுக்குள் டப்பென்று சத்தம்.

மோதிரம், வாட்ச், வளையல் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருக்கிறது. தினமும் காப்பை முழங்கை வரை ஏற்றி டேப் ஒட்டிக்கொள்வேன். அன்று ஒட்டவில்லை.

கைக்குழந்தையில் காய்ச்சல் வந்து பிழைக்க மாட்டேன் என்றபோது அம்மா கன்னியம்மனுக்கு நேர்ந்துகொண்டு போட்டது. கை வளர வளர மாற்றிச் செய்தது. ஹாஸ்டலுக்குப் போகும்போது கழற்ற மாட்டேன் என்று சத்தியம் வாங்கினாள்.

காப்பு ஏன் கையில் இருந்தது என்பதை எழுதவில்லை.

22, சனி

மறுபடி மழை. கரண்ட் இல்லை. திட்டு அப்படியே.

அம்மா துவைக்கத் துணி எடுக்கையில், கண்ணில் பட்ட அன்றே நான் கழற்றிப் போட்டிருந்த காப்பு பைக்குள் அகப்பட்டுவிட்டது. வெறும் கையை ஒரு வாரமாக முழுக்கைச் சட்டையில் மறைத்ததெல்லாம் வீண்.

"இத்த கய்ட்டி பைல வச்சிக்கினு கீற. அதான்டி கண்ணு பூட்ச்சி!"

உண்மையைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்துவிட்டாள். சோப்பு போட்டு மாட்டினாள். குறட்டால் நெருக்கினாள். "இனிமே கய்ட்டு பாக்கலாம்." நிம்மதியாகச் சோறு வடித்தாள், பாவி.

புரொபசர் மெயில்: திங்கள் வரலாம், டேட்டா வேலை. டாக்டர் சரி என்றால் லேபுக்குள்ளும். உடம்பில் உலோகம் எதுவும் கூடாது.

இழுத்துப் பார்த்தேன். மணிக்கட்டைத் தாண்டவில்லை.

23, ஞாயிறு

வெயில். பை கட்டியாயிற்று. காஞ்சிபுரம் போய் பெங்களூர் வண்டி.

லேபுக்குப் போய் ஷீபாவிடம் காப்பை வெட்டச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன். இட்லி வைக்க வந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன். பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தேன், காப்பு கையில்தான் இருந்தது, லேசர் அதில் பட்டுத்தான் கண்ணுக்கு வந்தது என்று.

அம்மா உட்கார்ந்துவிட்டாள். "நான் போட்டதுலயா?" என்று கேட்டாள். தலையாட்டினேன். எழுந்து போய்க் குறடு எடுத்து வந்தாள். என் கையை மடியில் வைத்து அவளே விரித்தாள். தோல் கொஞ்சம் கிழிந்தது. மஞ்சள் வைத்தாள். காப்பை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை பையைத் தூக்கி வந்தாள். வண்டி நகரும்போது ஜன்னலைத் தட்டினாள்.

"அந்த கண்ணாடிய கய்ட்டாத. சத்தியம் பண்ணு."