சாம்பல் படியாத இடம்

அக்டோபர் 7
இன்று குளிர் நுழையும் ஓட்டைகளைத் தேடி இரண்டு வீடுகள். இரண்டிலும் சன்னலைத்தான் திட்டினார்கள். இரண்டிலும் குளிர் வந்த வழி பரண் மூடி. பள்ளிப் பேருந்து ஓட்டினவளுக்கு வீட்டைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்ட ஊர், இப்போது என் தேதிக்குக் காத்திருக்கிறது. காத்திருக்கட்டும்!

அக்டோபர் 10
அல்ஃபீனா அக்கா கூப்பிட்டாள். நுரையீரல் சரியில்லை. வீடு கதகதப்பாக இல்லாவிட்டால் இந்த மெய்ன் மாநிலக் குளிரைத் தாங்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். மகள் லிசெத் நவம்பர் கடைசியில் வந்து அவளையும் புருஷனையும் தெற்கே கனெக்டிகட்டுக்குக் கூட்டிப்போகிறாள்.
"பெட்டி கூடக் கட்டியாச்சு, குளோதெத். எனக்குத்தான் போக மனசில்லடி. ஒருதடவ வந்து பாரேன்."
பின்னாலிருந்து அவள் புருஷன் ரெயால் கத்தினார்: "வந்து என்னத்தக் கிழிக்கப்போறா? என் வீடு எனக்குத் தெரியாதா?"

அக்டோபர் 15
எப்படி எழுதுவேன் இதை.
ரெயால் அண்ணன் வருடா வருடம் செய்வதுபோல் குளிர் புகாமலிருக்க அஸ்திவாரத்தைச் சுற்றி ஃபிர் மரக் கிளைகளை அடுக்கி, சன்னல்களுக்கு பிளாஸ்டிக் ஒட்டி வைத்திருந்தார்.
"விறகடுப்பு அணைஞ்சிருக்கா அண்ணே?"
"ரெண்டு நாளாப் பத்தவைக்கல. நீ உன் வேலையப் பாரு."
நான் திறந்து பார்க்கவில்லை. சாம்பலை அள்ளிவிட்டுத்தான் தொடங்க வேண்டும் - முதல் பாடமே அதுதான்! வாசற்கதவில் பெரிய விசிறியை மாட்டி ஓட்டினேன். அது வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும். ஓட்டைகள் வழியே வெளிக்காற்று உள்ளே நுழையும். புகைபோக்கி வழியாகவும் நுழையும்தானே, மடச்சி? விசிறியை நிறுத்தாமல் அடுப்பைச் சாத்த ஓடினேன். அதற்குள் சமையலறை முழுக்கச் சாம்பல்.
"அவ நெஞ்சுக்கு நல்ல மருந்து கொண்டாந்தியேம்மா," என்றார் அண்ணன். அதில் தப்பே இல்லை. நல்லவேளை, அக்கா மாதாகோவிலில் சீட்டாடிக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே தங்கை வீட்டுக்கு அனுப்பினோம்.

அக்டோபர் 16
மாடிவரை பறந்திருந்த சாம்பலைத் துடைத்தேன். சமையலறை நாளைக்கு.

அக்டோபர் 17
கண்டுபிடித்துவிட்டேன்!
சமையலறைத் தரை பூராவும் சாம்பல். பாத்திர அலமாரியின் காலடியில் மட்டும் ஒரு முறம் அகலத்துக்குத் தரை பளிச்சென்று இருந்தது. யாரும் அங்கே கைவைக்கவில்லை. அங்கிருந்து வந்த காற்றுதான் ஊதித் தள்ளியிருக்கிறது! அன்று வெளியேயும் இதமான வெயில். அதனால்தான் சூடு, குளிர் வித்தியாசத்தைக் காட்டும் என் வெப்பக் கேமராவில் ஒன்றும் தெரியவில்லை.
அலமாரியின் பின்பலகையைக் கழற்றினோம். சுவரே இல்லை. நிலவறையிலிருந்து பரண் வரை ஆள் நுழையும் பொந்து.
"இங்க என்ன இருந்துச்சு அண்ணே?"
"பழைய புகைபோக்கி. லிசெத் பிறந்த வருஷம் இடிச்சேன். உங்கக்கா அலமாரி கேட்டா... ஓட்டைக்கு முன்னாடியே செஞ்சு நிறுத்திட்டேன்." பொந்துக்குள் எட்டிப் பார்த்து, "அப்போ நாப்பது வருஷமா அவளக் குளிரவச்சது நானா?"
"அலமாரி ரொம்ப அழகு அண்ணே. சுவரைத்தான் மறந்துட்டீங்க."
சிரித்துவிட்டார். பாவம், கண்ணும் கலங்கியிருந்தது.

நவம்பர் 6
பொந்தின் மேல்வாயையும் கீழ்வாயையும் தகரம் வைத்து அடைத்தேன். பரணில் சூடு காக்கும் பஞ்சு நிரப்பி, கடைசியாகப் பரண் மூடியையும் சுற்றி ஒட்டிவிட்டேன். மறுபடி விசிறி - ஒழுக்கு பாதிக்கும் கீழே! அடுப்பை நான் மூன்று தடவை பார்த்தேன். அண்ணன் நான்கு தடவை.

நவம்பர் 28
லிசெத் காரோடு வந்திருக்கிறாளாம். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. போகிறார்களா என்று கேட்க எனக்கும் தைரியம் இல்லை.

ஜனவரி 19
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது. தெருவில் எல்லாக் கூரையிலும் பனி உருகி, ஓரத்தில் கட்டிகட்டியாகத் தொங்குகிறது. உள்ளே இருக்கும் சூடு ஒழுகுகிறது. ரெயால் அண்ணன் கூரையில் மட்டும் முழங்கால் உயரப் பனி அலுங்காமல் இருந்தது. வண்டியை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எனக்கு அப்படி ஒரு பெருமை.
உள்ளே அக்கா மெல்லிய சட்டையோடு கோதுமைத் தோசை மாதிரி புளோய் சுட்டுக்கொண்டிருந்தாள். இருமல் இல்லை. அண்ணன் பக்கத்து வீட்டுக்காரரிடம், "ஓட்டைய நான்தான்யா கண்டுபிடிச்சேன்," என்று அளந்துகொண்டிருந்தார். அளக்கட்டும்.
"லிசெத் எப்படிக்கா விட்டுட்டுப் போனா?"
"கட்டி வச்ச பெட்டியத் தேடித் தேடிப் பாத்துட்டுக் கெளம்பிட்டா. நீ பரண் மூடிய ஒட்டினியே, அதுக்கு முன்னாடியே உங்கண்ணனை விட்டு அதை மேல தூக்கிப் போட்டுட்டேன்."