பவானிப் பாலம் வரைக்கும்

இன்று காலை பள்ளிக்கூட வேன் நம் தெரு முனையில் திரும்பியபோது கிளட்ச் கருகும் நாற்றம் வீட்டுக்குள் வரை வந்தது. பல் துலக்கிக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். உன் வேன்தான். முன் கண்ணாடியில் நீ ஒட்டிய முருகன் படம் இன்னும் கிழியாமல் இருக்கிறது. ஓட்டுகிறவன்தான் வேறு ஆள். நீ இருந்திருந்தால் ஈரக்கையோடு வெளியே ஓடி, "ஏம்பா, கிளட்ச் மேலயே கால வச்சிகினு ஓட்டினா வண்டி இன்னாத்துக்கு ஆவும்?" என்று தெருவே கேட்கக் கத்தியிருப்பாய். வேன் போய்விட்டது. நாற்றம் மட்டும் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றது. உனக்கு எழுத வேண்டும் என்று அப்போதுதான் உட்கார்ந்தேன்.

செஞ்சியில் நம்மைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் குறைவு. பொண்டாட்டி வேன் ஓட்டுகிறாள், கரண்ட் ஆபீசில் லைன்மேனாக இருக்கிற புருஷனுக்கு ஸ்டியரிங்கைத் தொடவே பயம் என்பார்கள். உண்மைதான். மழைக்காற்றில் கம்பத்தின் உச்சியில் நின்று கம்பியை இழுத்துக் கட்டுவேன், கை நடுங்காது. அங்கிருந்து பார்த்தால் நம் கோட்டை மலைகளான ராஜகிரியும் கிருஷ்ணகிரியும் கைக்கெட்டும் தூரத்தில் தெரியும். கீழே இறங்கி வண்டியில் உட்கார்ந்தால் எதிரே வரும் லாரி எல்லாம் என்னைத் தேடித்தான் வருகிற மாதிரி இருக்கும். நீயோ உங்கப்பாவின் நெல் லாரியில் வளர்ந்தவள். கியர் மாறுகிற சத்தத்தில் தூங்கிப் பழகியவள்.

நம் பெண்ணைக் கட்டிக்கொடுத்து அவள் ஓசூருக்குப் போன பிறகுதான் அந்தப் பேச்சு தொடங்கியது. சாயங்காலம் வேனை விட்டுவிட்டு வந்தவள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாய். கோயம்புத்தூரில் பழைய கார்களையே வரிசையாக நிறுத்திவைத்திருக்கும் ஒரு மியூசியம். பித்தளை விளக்கு, மரச்சக்கரம், முன்னால் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்புகிற எஞ்சின்.

"இத நேர்ல பாக்கணுங்க."

"காரைப் பாக்க அம்மாந்தூரமா? பஸ் ஸ்டாண்டுல நின்னா எல்லாக் காரும் வருது."

"நீங்க மட்டும் பழைய கோயில் கல்லப் பாக்க எம்மாந்தூரம் போறீங்க? மலை நெறைய இங்கியே கல்லு கெடக்குதே."

அன்றைக்கே முடிவானது. உனக்குக் கோயம்புத்தூர், எனக்குச் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கிற பழம்பொருள் மியூசியங்கள். பஸ் வேண்டாம், நம் பழைய வெள்ளைக் காரிலேயே போவது. பாதி தூரம் நான் ஓட்ட வேண்டும். கடைசி நிபந்தனையை நீ மெதுவாகச் சொன்னாய், நான் கவனிக்கமாட்டேன் என்று நினைத்து.

அந்த மாதங்களில் நம் வீட்டில் வேறு பேச்சே இல்லை. சோறு போடும்போது வழி மாறும். குழம்பு ஊற்றும்போது ஊர் மாறும். சென்னைக்கு முதலில் போகலாம் என்பேன். சென்னை டிராபிக்கில் உங்களை நம்பி உட்கார முடியாது, கோயம்புத்தூர் ரோடுதான் உங்களுக்கு நல்லது என்பாய். திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடிக் கணவாய், சேலம், பவானி என்று நீ விரல் மடக்கிச் சொல்லும்போது, போகாத ஊரெல்லாம் உனக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிற ஊர் மாதிரி தோன்றும்.

பழம்பொருளில் எனக்கு என்ன தேடல் என்று நீ ஒரு தடவை நிஜமாகவே கேட்டாய். நானும் நிஜமாகவே சொன்னேன். நம் ஆட்களுக்கு ஒரு காணி நிலம்கூட இருந்ததில்லை. ஆனால் இந்தக் கோட்டை மதிலுக்குக் கல் சுமந்தவர்களில் எங்கள் தலைக்கட்டைச் சேர்ந்தவன் ஒருத்தனாவது இருந்திருப்பான். கட்டச் சொன்னவன் பெயர் இருக்கிறது, பிடித்தவன் பெயர் இருக்கிறது. சுமந்தவன் பயன்படுத்திய ஒரு கூடையோ கயிறோ ஏதாவது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்காதா என்றுதான் பார்க்கிறேன் என்றேன். நீ சிரிக்கவில்லை. "அப்ப நானும் வெளிய உக்காராம உள்ள வந்து தேடறேன். ரெண்டு பேரு தேடினா சீக்கிரம் கெடைக்கும்" என்றாய்.

ஒத்திகை பார்க்கலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளம்பினோமே, அதை மறக்க முடியுமா. காலையில் சீயமங்கலம் குகைக் கோயில், சாப்பாட்டுக்குப் பிறகு தளவானூர். நான்தான் ஓட்டினேன். வழியில் பாதி ரோட்டில் மணிலாக்கொட்டை காயப்போட்டிருந்தார்கள். ஏற்றவும் முடியாமல் ஒதுங்கவும் தெரியாமல் நடுரோட்டில் வண்டியை ஆஃப் செய்துவிட்டேன். பின்னால் டிராக்டர்க்காரர் ஹாரன் அடிக்கிறார். நீ கதவைத் திறந்து தலையை நீட்டி, "அண்ணே, புது டிரைவரு. கொஞ்சம் பொறுத்துக்கோ!" என்றாய். கொட்டையைக் காயவைத்த பெண்மணி ஒரு கை கடலை அள்ளி உன் மடியில் போட்டுவிட்டுப் போனார்.

தளவானூர்க் குகையில் வாசல் காக்கும் சிலைகளுக்குப் பக்கத்தில் உளி கொத்திய தடத்தை நான் தடவிக்கொண்டிருந்தேன். "இதச் செதுக்கினவன் பேரு எங்கயும் இல்ல பாரு" என்றேன். "அவனுக்குக் கஞ்சி தூக்கினு வந்தவ பேரும்தான் இல்ல" என்றாய். சொல்லிவிட்டு வெளியே பாறையில் போய் உட்கார்ந்தாய். வெயில் இறங்கியதும் கிளம்பினோம். திரும்பும்போது நீ ஓட்டுவதாகத்தான் பேச்சு. சாவியைப் போட்டுவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு இறங்கி இந்தப் பக்கம் வந்து, "நீங்களே ஓட்டுங்க. எனக்கு ரோடு ரெண்டாத் தெரியுது" என்றாய்.

என்னை ஓட்டவைக்க நீ போடும் நாடகம் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

மண்டைக்குள் கட்டி என்றார்கள். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கவைத்தோம். ஆபரேஷன் நடந்தது. ஆனாலும் கட்டி மறுபடி வளர்ந்தது. உன் வேன் பிள்ளைகளின் அம்மாக்கள் பஸ் பிடித்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எனக்கு அந்த நாட்களில் நினைவிருப்பது மருந்தோ டாக்டர்களோ இல்லை. உடம்பு குறையக் குறைய நம் பயணம் நீண்டுகொண்டே போனதுதான். கோயம்புத்தூர் போதாது என்றாய். டெல்லியில் ரயிலுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறதாம், பக்கத்துப் படுக்கைக்காரரின் மகன் சொன்னான், அதையும் சேர்த்துக்கொள் என்றாய். குஜராத்தில் ஒரு ராஜா வீட்டுக் கார்கள் இருக்கின்றனவாம், அதுவும். "டெல்லியில உங்க கல்லும் இருக்கும், ரெண்டு பேருக்கும் ஆச்சி." நான் ஒன்றையும் மறுக்கவில்லை. ஒரு கையில் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் சரி சரி என்றேன்.

பிறகு ஒரு மத்தியானம் நீ கண்ணைத் திறந்து, "இப்ப எங்க இருக்கோம்?" என்று கேட்டாய்.

ஆஸ்பத்திரி என்று சொல்ல வாயெடுத்தேன். உன் வலது கால் போர்வைக்குள் பிரேக்கை மிதிப்பது போல மெல்ல அழுந்தி எழுவதைப் பார்த்தேன். நீ வண்டியில் இருந்தாய்.

"செங்கம் தாண்டிட்டோம்" என்றேன்.

"வெயிலா இருக்குது. கண்ணாடிய எறக்குங்க."

எழுந்துபோய் ஜன்னலைத் திறந்துவைத்தேன். அப்படியே நாட்கள் போயின. ஊத்தங்கரையில் டீ குடித்தோம். அரூரில் டீசல் போட்டோம். மஞ்சவாடிக் கணவாய் ஏறும்போது, "ரெண்டாவது கியருக்கு வாங்க, வண்டி தெணறுது" என்றாய். போட்டேன் என்றேன். பின்னால் வலது டயரில் காற்று கம்மி என்றாய். இறங்கிப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொன்னேன். நர்ஸம்மா ஒரு தடவை கேட்டுக்கொண்டே நின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார்.

பவானிப் பாலம் வந்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அதிக தூரம் இல்லை. போய்ச் சேர்ந்துவிட்டால் நீ இறங்கிவிடுவாய் என்று தோன்றியது. எதனால் என்று கேட்காதே, அப்படித்தான் தோன்றியது. அதற்குப் பிறகு நீ எத்தனை தடவை கேட்டாலும் பவானியிலேயே நிறுத்திவைத்தேன். பாலத்தில் லாரி மாட்டிக்கொண்டது, டிராபிக் என்றேன். காவேரியில் தண்ணீர் நிறையப் போகிறது, பார் என்றேன். "வந்துட்டோமா?" என்று கடைசியாகக் கேட்டாய். "இன்னும் கொஞ்ச தூரந்தான்" என்றேன். அதற்குப் பிறகு நீ ஒன்றும் கேட்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து எல்லாரும் போன பிறகுதான் அது ஆரம்பித்தது. தெருவில் எந்த வண்டி வேகம் குறைத்தாலும் நீ வந்துவிட்டாய் என்று எழுந்துகொள்வேன். குளிக்கும்போது ஹாரன் கேட்கும். சாப்பிடும்போது கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும். போய்ப் பார்த்தால் கார் உறை போட்டபடி நிற்கும். ஒரு தடவை உறையைத் தூக்கினேன். இடது பக்கத்து சீட்டு பின்னால் சாய்ந்திருந்தது. நீ சாய்த்துவைத்ததா, நான் சாய்த்ததா என்று யோசித்து யோசித்து எனக்குப் பிடிபடவே இல்லை. உன் தம்பி வந்து, "வித்துடுங்க மாமா, நீங்க ஓட்டப்போறதில்ல, நின்னே வீணாப்பூடும்" என்றான். அவன் நல்லதுக்குத்தான் சொன்னான். ஆனால் பாலத்தின் நடுவில் உன்னை இறக்கிவிட்டு வண்டியை விற்பதா?

அதனால்தான் கிளம்பினேன். யாரிடமும் சொல்லவில்லை. விடிந்ததும் எடுத்தேன். திருவண்ணாமலை வரைக்கும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினேன். செங்கத்தில் கண்ணாடியை இறக்கினேன். ஊத்தங்கரையில் நிறுத்தி டீ குடித்தேன், கடைக்காரர் ஒரு டீயா இரண்டா என்று கேட்டார், ஒரு விரலைக் காட்டினேன். மஞ்சவாடியில் வண்டி திணறியது. இரண்டாவது கியருக்கு வந்தேன். பக்கத்து சீட்டைப் பார்க்கக் கூடாது என்று கழுத்தை இறுக்கிக்கொண்டே ஓட்டினேன். பார்த்தால் நீ இருப்பாயோ என்று ஒரு பயம், இருக்கமாட்டாயோ என்று ஒரு பயம்.

பவானிப் பாலத்துக்கு முன்னால் ஓரம்கட்டினேன். காவேரியில் தண்ணீர் அதிகம் இல்லை, உன்னிடம் பொய்தான் சொல்லியிருக்கிறேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ. போலீஸ்காரர் ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டி, "வண்டியில ஏதாச்சும் பிரச்சினைங்களா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னதும், "அப்பப் போங்க, இங்க நிக்கக் கூடாது" என்றார். போனேன். வேறென்ன செய்வது.

மியூசியத்துக்குள் குளிர்ந்திருந்தது. தரை கண்ணாடி மாதிரி. நீ போனில் காட்டிய காரை உடனே அடையாளம் கண்டுகொண்டேன். முன்னால் அந்தக் கைப்பிடி இருந்தது. பக்கத்தில் புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி. அந்தப் பெண் புருஷனிடம், "இதை எப்படி ஸ்டார்ட் பண்ணுவாங்க?" என்று கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்தேன். கைப்பிடியைப் பிடிக்கும்போது கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைக்க வேண்டும், சுற்றிப் பிடித்தால் எஞ்சின் திருப்பி உதைக்கும்போது விரல் முறிந்துபோகும் என்றேன். கீழிருந்து மேலே இழுக்க வேண்டும், மேலிருந்து அழுத்தக் கூடாது என்றேன். காற்றில் கையை வைத்துச் செய்தும் காட்டினேன். அவர்கள் அடுத்த காரைக் காட்டிக் கேட்டார்கள். அதையும் சொன்னேன். எனக்கு இவ்வளவு தெரியும் என்று எனக்கே தெரியாது.

"நீங்க டிரைவரா இருந்தீங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"இல்லம்மா. என் ஊட்டுக்காரம்மா."

"அவங்க வரலையா?"

"வந்துகினு இருக்காங்க" என்றேன்.

யோசித்துச் சொன்னதில்லை. அவள் சிரித்த முகத்தோடு வாசல் பக்கம் பார்த்தாள். அவள் புருஷனும் பார்த்தான். நானும் திரும்பிப் பார்த்தேன். வெளியே வெயில் வெள்ளையாக இருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.

சாயங்காலம் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தபோது நம் பெண் போன் செய்தாள்.

"எங்க இருக்க நைனா? ஊட்டு நெம்பருக்குப் போட்டா எடுக்கவே இல்ல."

"கோயம்புத்தூர்ல இருக்கறேன். கார் எடுத்துகினு வந்தேன்."

"கார் எடுத்துகினா? நீயா? யாரு கூட?"

பார்த்த கார்களைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். மரச்சக்கரம், பித்தளை விளக்கு, கைப்பிடி. "ஒண்ணொண்ணும் ஒரு கொணம்டி. அதட்டினாக் கெளம்பாது. அது இன்னா கேக்குதுன்னு மொதல்ல காது குடுக்கணும்" என்றேன். லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன்.

"நைனா," என்றாள் கடைசியில். குரல் உடைந்திருந்தது. "அம்மா பேசற மாதிரியே இருக்குது. இன்னொரு தபா சொல்லு."

சொன்னேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் செய்கிறாள். ஏதாவது ஒரு வண்டியைப் பற்றிக் கேட்கிறாள், பதில் தெரிந்துகொள்வதற்காக இல்லை என்று எனக்குத் தெரியும். நான் சொல்கிறேன். சொல்லும்போது என் நாக்கு உன் பக்கம் திரும்பிக்கொள்கிறது, நான் ஒரு நாளும் பேசாத வேகத்தில், நான் ஒரு நாளும் சிரிக்காத இடத்தில் சிரித்துக்கொண்டு. அவள் போனை வைத்த பிறகும் சில சமயம் தனியாகப் பேசிக்கொண்டே இருக்கிறேன். நிறுத்தப் பயமாக இருக்கிறது. நிறுத்தினால் உன் குரலில் அடுத்து யார் பேசுவது?