இருவர் பெயரில் ஒரு பாலிசி

அக்ரஹாரம், மைசூரு
24.1.2026

உதயகுமார் அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் பதிவுகளைப் பார்த்தால் நீங்களும் நலம் என்றே தெரிகிறது. போனில் எழுதினால் அதையும் உலகத்துக்குக் காட்டிவிடுவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

நம் இருவருக்கும் சேர்த்து எடுத்த மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு வருடத்துக்கு ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள், இந்தக் கொள்ளைக்கு நான் ஒரு பைசா கட்ட மாட்டேன் என்று போட்டிருக்கிறீர்கள். பேட்டியும் பார்த்தேன். புதுச் சட்டை நன்றாக இருந்தது.

நீங்கள் சாமராஜநகர் போய் நாலு வருடம் ஆகிறது. முகவரியை மாற்றாததால் கம்பெனிக் கடிதம் இன்னும் இங்கேதான் வருகிறது. என் கையில் இருக்கும் கடிதத்தில் ஒரு வருடத்துக்கு முப்பத்தெட்டாயிரத்து அறுநூறு என்று இருக்கிறது. போன வருடத்தைவிட நாலாயிரத்துக்கு மேல் அதிகம். அதற்காகத் திட்டினால் நானும் கூடச் சேர்ந்து திட்டுவேன். ஆனால் அந்த ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது?

நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கு ஜயம்மா என்று ஒருவர் வருவார். நேற்று, "நோடம்மா, இங்க பாரும்மா, சாமராஜநகர்ல ஒருத்தருக்கு ஒன்றரை லட்சமாம். நாங்களும் இந்த வாட்டி கட்டறதில்லேன்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார். அந்த ஒருத்தரை எனக்குத் தெரியும் என்று நான் சொல்லவில்லை.

இன்னொன்று. எனக்குப் பித்தப்பையில் கல். சீக்கிரம் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பிப்ரவரி 17க்குள் கட்டாவிட்டால் பாலிசி செத்துவிடும். புதிதாக எடுத்தால் இந்த நோய்க்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். பணத்தை நானே தருகிறேன். ஆனால் ஓடிபி உங்கள் போனுக்குத்தான் வருகிறது.

சுலோசனா

---

சாமராஜநகர்
29.1.2026

சுலோசனாவுக்கு,

பேங்க்காரன் நோட்டீஸ் அனுப்பின மாதிரி 'அவர்களுக்கு' என்று ஆரம்பித்திருக்கிறாய். இருக்கட்டும்.

கல் இருப்பதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை? எவ்வளவு பெரிது? வலி இருக்கிறதா? ராத்திரி எண்ணெயில் பொரித்ததைச் சாப்பிடாதே.

ஒன்றரை லட்சம் விஷயத்துக்கு வருகிறேன். செயலியைத் திறந்ததும் ஒரு லட்சத்துப் பதினோராயிரம் என்று வந்தது. அது மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கேட்கிற தொகை என்று சத்தியமாகத் தெரியாது. வரி போட்டால் ஒன்றரைக்குப் பக்கத்தில் வரும் என்று எழுதிவிட்டேன். அந்த வரியையே போன வருடம் எடுத்துவிட்டார்களாம். இது தெரிவதற்குள் நாலாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். நான் டிராக்டர் விற்கிறவன். இத்தனை வருடத்தில் என் பேச்சை இத்தனை பேர் நின்று கேட்டதில்லை. ஷோரூமுக்கு வருகிறவர்கள்கூட, "அண்ணா, நல்லாக் கேட்டீங்க" என்று கை கொடுக்கிறார்கள். இப்போது போய் நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? கட்ட மாட்டேன் என்று சொன்னவன் கட்டினால் சிரிக்க மாட்டார்களா?

உதயகுமார்

---

மைசூரு
2.2.2026

உதயகுமாருக்கு,

சிரிப்பார்கள். ஒரு வாரம் சிரித்துவிட்டு வேறு ஆளைப் பிடித்துக்கொள்வார்கள். என் கல் அப்படிப் போகாது.

ஸ்கேனில் பதினான்கு மில்லிமீட்டர். இதை எழுதும்போதே, உங்கள் வாயில் இது எலுமிச்சம்பழம் ஆகிவிடுமோ என்று யோசனை வருகிறது. நாம் பிரிந்ததும் இதனால்தான். அன்று நான் தட்டைக் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். ஹனூரில் உங்கள் அக்காவிடம் கதை போய்ச் சேரும்போது தட்டு உங்கள் நெற்றியில் பட்டிருந்தது. அவர் எனக்குப் போன் செய்து, "ஏங்கண்ணு, மூணு தையலாமே?" என்று கேட்டார். நீங்கள் பொய் சொல்கிற ஆள் இல்லை. நடந்தது போதவில்லை உங்களுக்கு, அவ்வளவுதான்.

இரண்டு காரியம் செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். பதிவில் சரியான தொகையைப் போடுங்கள்.

சுலோசனா

---

சாமராஜநகர்
9.2.2026

அன்புள்ள சுலோசனா,

கட்டிவிட்டேன். ரசீது இதோடு இருக்கிறது. என் பெயர், அடுத்த வரியில் உன் பெயர், எதிரே 'மனைவி'. கம்பெனிக்கு இன்னும் விஷயம் தெரியவில்லை போல.

உன் பணம் வேண்டாம். ஆபரேஷன் என்றைக்கு என்று எழுது. ஷோரூமில் லீவு சொல்லிவிடுகிறேன். பதிவையும் திருத்திவிடுகிறேன். கொஞ்ச நாள் கொடு. நீ எழுதியது நியாயம்தான். படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன்மேல் கோபமாக இருந்தேன், பிறகு போய்விட்டது.

உதயகுமார்

---

மைசூரு
4.3.2026

அன்புள்ள உங்களுக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது. நேற்று முதல் சாதாரணச் சாப்பாடு. மொத்த பில் ஒரு லட்சத்துப் பதினெட்டாயிரம். கையுறை, பஞ்சு என்று ஆறாயிரம் போக மீதி முழுவதையும் கம்பெனி கொடுத்துவிட்டது.

மூன்று நாள் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினீர்கள். நர்ஸிடம், "கல்ல எங்கிட்டக் காட்டுங்க, இத்தன வருசம் குடித்தனம் பண்ணுனவன் நான்" என்று சண்டை போட்டது மயக்கத்திலும் காதில் விழுந்தது. சிரித்தால் வயிறு வலித்தது. ஆனாலும் சிரித்தேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பக்கத்தில் இருந்தது எனக்கு வேண்டியிருந்தது. யுகாதிக்கு இங்கே வாருங்கள். பத்து நாள் தங்குகிற மாதிரி துணி எடுத்து வாருங்கள். பிறகு பார்க்கலாம்.

உங்கள்
சுலோசனா

---

மைசூரு
11.3.2026

உதயகுமார் அவர்களுக்கு,

திங்கட்கிழமையிலிருந்து வேலைக்குப் போய்வருகிறேன். நேற்று ஜயம்மா மூக்குக் கண்ணாடி வாங்க வந்தார். கண்ணாடி சரியாகத் தெரிகிறதா என்று பார்க்கத் தன் போனை எடுத்து ஒரு படத்தை விரித்தார். "பாவம் நோடம்மா, யாரோ ஒரு பொம்பளை. எட்டு லட்சம் பில்லாம். கம்பெனி ஒரு பைசா கொடுக்கலையாம். புருஷன் நகையெல்லாம் வித்துட்டு அழறாரு" என்றார்.

படத்தில் ஒரு கை. டிரிப்ஸ் ஊசியும் பிளாஸ்டரும். அது என் கை.

நான் தூங்கும்போது எடுத்திருக்கிறீர்கள். கீழே இரண்டாயிரம் பேர், அண்ணி பிழைத்து வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறார்கள். பித்தப்பைக் கல்லில் நான் சாகிற பேச்சே இருக்கவில்லை. பழைய ஒன்றரை லட்சமும் அப்படியே இருக்கிறது.

ஜயம்மாவிடம் அது என் கை என்றேன். பையிலிருந்து ஆஸ்பத்திரி பில்லையும் எடுத்துக் காட்டினேன். புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பில்லை இரண்டு தடவை படித்தார். பிறகு போனைப் பார்த்தார். "ஆனா இத்தனை பேரு சொல்றாங்களேம்மா" என்றார். அவருடைய பாலிசிக்குக் கெடு போன வாரமே முடிந்துவிட்டதாம். வீட்டுக்காரருக்கு இரண்டு வருடமாக நெஞ்சு வலி.

அவர் போன பிறகு லென்ஸ் துடைக்கிற துணியை வைத்துக்கொண்டு கடையிலேயே அழுதேன். நகை விற்றதாக நீங்கள் எழுதியதற்காக இல்லை. அந்த மூன்று நாளை நான் நம்பியிருந்தேன். படம் எடுத்தது இரண்டாம் நாளாக இருக்க வேண்டும், மூன்றாம் நாள் ஊசியைக் கழற்றிவிட்டார்கள். அந்த இரண்டாம் நாள்தான் உங்களைத் திரும்ப வரச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு தூங்கினேன்.

நீங்கள் பாலிசியைக் கட்டியிருக்காவிட்டால் எனக்கு இந்த ஆபரேஷன் நடந்திருக்காது. அதற்கு நன்றி. அதை மறக்க மாட்டேன், பெரிதாக்கவும் மாட்டேன்.

யுகாதிக்கு வர வேண்டாம். அடுத்த முறை புதுப்பிக்கும்போது என்னைத் தனிப் பாலிசிக்குப் பிரிக்கக் கேட்கும் படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். பழைய பாலிசியில் காத்திருந்த வருடங்கள் வீணாகாதாம், விசாரித்துவிட்டேன். பென்சிலால் புள்ளி வைத்த மூன்று இடங்களில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுங்கள். உறவு என்ற கட்டத்தை நான் நிரப்பவில்லை. அதில் நீங்களும் எதுவும் எழுத வேண்டாம்.

சுலோசனா