இஸ்திரி போட்ட துண்டு

ஜூன் 11, 2024 – செவ்வாய்

இன்றைக்குக் கடைக்குப் போகவில்லை. வண்ணார்பேட்டையில் சேலை விரித்துக் காட்ட நான் ஒருத்தி இல்லாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆனால் சூப்பர்வைசர் போனில் பேசியதைக் கேட்டால் அந்த நாலு மாடியையும் நான்தான் தலையில் சுமக்கிறேன் போல.

மகள் கண்ணுவுக்குக் காலையில் வந்துவிட்டது. பெரியவளாகி இது நாலாவது மாதம். மாமியார் பெயர் என்று மாரிக்கண்ணு என வைத்தோம். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள். ஆட்டிசம். பதின்மூன்று வயதுக்குத் தண்ணி, போ, வேண்டாம், பஸ் – இவ்வளவுதான் பேச்சு. வலி என்ற சொல் அவளிடம் இல்லை. வலித்தால் சுவரில் முட்டுவாள், தன் கையையே கடிப்பாள்.

இவருடைய அக்கா சுடலைவடிவு, என் மதினி, பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் கொண்டு வந்தாள். அடுத்த தெருவில் குடியிருந்துகொண்டு எங்கள் வீட்டை நடத்துகிறவள். குடித்தால் இடுப்புக்குப் பலமாம். வழுவழு என்று எது வாயில் பட்டாலும் கண்ணுவுக்கு ஆகாது, வெண்டைக்காயைக் கண்டாலே ஓடுவாள். இவர் கையைப் பிடிக்க, நான் காலைப் பிடிக்க, மதினி மூக்கைப் பொத்தி ஊற்றினாள். அவ்வளவும் என் நைட்டியில் வந்தது.

"பேச்சுதான் வரல, கொழுப்புக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல" என்றாள் மதினி. அப்புறம் உளுந்தங்களியைத் திணித்தாள்.

ஜூன் 12

அவள் நெற்றி வீங்கியிருக்கிறது. என் கையில் பல் பதிந்திருக்கிறது. கடைக்கு முழுக்கை ஜாக்கெட்.

ஜூன் 20 – வியாழன்

பாளையங்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனேன். கண்ணு மேஜை விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சொல்லத் தெரியலன்னா வலி இல்லன்னு நினைச்சிட்டீங்களாம்மா?" என்றார். நான் அப்படி நினைக்கவில்லை. ஆனால் அப்படி நினைத்தவள் போலத்தானே நடந்துகொண்டேன்?

வரப்போகிறது என்று தெரிந்ததுமே, வலி முற்றும் முன்னால், சாப்பாட்டுக்குப் பின் மாத்திரை. அடிவயிற்றுக்கு வெந்நீர்ப் பை. பிடிக்காததை ஊட்டவே கூடாது.

சாயங்காலம் மதினி மாத்திரையைப் பார்த்துவிட்டாள். "இந்த வயசுலயே மாத்திரையப் போட்டா கர்ப்பப்பை என்னத்துக்கு ஆகும்? நாளைக்கு ஒருத்தன் கையில பிடிச்சுக் குடுக்க வேண்டாமா?" என்று சாக்கடையில் போட்டாள். இவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைத்தார்.

ஜூலை 9

வெந்நீர்ப் பை தெருவில் கிடக்கிறது. ரப்பர் நாற்றமும் உள்ளே தண்ணீர் களக் களக் என்பதும் அவளுக்கு ஆகவில்லை, வீசிவிட்டாள்.

இவர் இன்சூரன்ஸ் ஏஜெண்ட். தினமும் வெள்ளைச் சட்டையைத் தானே தேய்த்துக்கொள்வார், வீட்டில் இவர் செய்கிற ஒரே வேலை. தேய்த்துக் கட்டிலில் போட்ட சட்டையைக் கண்ணு பிடுங்கி, வயிற்றுக்குக் கீழே வைத்துக் குப்புறப் படுத்துவிட்டாள். சட்டையில் கறை. இவர் அறைந்த சத்தம் அடுப்படி வரைக்கும் கேட்டது.

"சனியன், வேணும்னே பண்ணுது" என்றார்.

வேணும்னேதானா?

ஆகஸ்ட் 5 – திங்கள்

வேண்டுமென்றேதான் செய்திருக்கிறாள். போன மாதம் கொடியில் கிடந்த சட்டைகளை அவள் தொடவே இல்லை. தேய்த்து இறக்கியதைத்தான் எடுத்தாள், ஆறியதும் தூக்கிப் போட்டாள். என் மகள் தனக்கான வைத்தியத்தைத் தானே கண்டுபிடித்து, அதற்கு அடியும் வாங்கியிருக்கிறாள். எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

பழைய நீலத் துண்டை நாலாக மடித்து இஸ்திரி போட்டேன். "சூடு... சூடு வருது பாரு" என்று சொல்லி, என் கன்னத்தில் வைத்துப் பதம் பார்த்துக் கொடுத்தேன். வாங்கி அடிவயிற்றில் அமுக்கிக்கொண்டாள். மாத்திரையை மறுபடி வாங்கி, மதினி கண்ணில் படாமல் நேற்றே தொடங்கியிருந்தேன். சுவரில் ஒரு முட்டு இல்லை. துண்டு ஆற ஆறத் தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

தூங்கிவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

செப்டம்பர் 2

தீபாவளிச் சரக்கு வந்து இறங்கும் நேரம். லீவு இல்லை. துண்டு தேய்க்க வீட்டில் யாரும் இல்லை என்று சிறப்புப் பள்ளிக்கு அனுப்பினேன். வலி தாங்காமல் கேட்டைத் தாண்டி, பாவாடையில் கறையோடு ரோட்டுக்கு ஓடிவந்துவிட்டாள். பஸ்ஸுக்கு நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்தன் போனில் படம் எடுத்தானாம். அவன் கை விளங்காமல் போக.

அந்த நாட்களில் இனி அனுப்ப வேண்டாம் என்கிறார்கள் பள்ளியில்.

செப்டம்பர் 8 – ஞாயிறு

மதினி வந்தாள். "எடுத்துரலாம்ட்டி" என்றாள். முதலில் எனக்குப் புரியவில்லை. கர்ப்பப்பையைச் சொல்கிறாள். எங்கேயோ ஒரு நர்சிங் ஹோமில் பேசியும் வைத்திருக்கிறாள். மாத்திரை போட்டால் கெட்டுப்போகும் என்று சாக்கடையில் வீசினாளே, அதே கர்ப்பப்பையை. நான் முடியாது என்றேன்.

"ரோட்டுல நின்னாளே, எவனாவது கூட்டிட்டுப் போயிருந்தா? வயித்துல வந்து நின்னா அவ என்னன்னு சொல்லுவா? யாருன்னு சொல்லுவா?"

அவள் போகும் வரைக்கும் அடுப்படியில் பாத்திரம் தேய்த்தேன். அப்படிச் செய்கிறவனைப் பிடித்து உள்ளே போட வழியில்லை, அதனால் இவளை அறுக்க வேண்டுமாம். இப்போது எழுதும்போது வருகிறது இந்தப் பதில்.

செப்டம்பர் 14

டாக்டருக்கு போன் செய்தேன். "துண்டும் மாத்திரையும் கேக்குதுல்லம்மா? அப்புறம் எதுக்கு நல்லா இருக்கற உறுப்ப எடுக்கணும்? எடுத்துட்டா மட்டும் தொடறவன் தொடாம இருப்பானா?"

இவரிடம் கேட்டேன். மாதத்தில் அந்த நாட்களில் மட்டும், நான் கடையில் இருக்கும்போது, நீங்கள் அந்தத் துண்டைத் தேய்த்துக் கொடுங்கள். வேறொன்றும் வேண்டாம்.

"தீட்டுத் துண்ட நான் தேய்க்கணுமா? அறிவிருக்காட்டி ஒனக்கு?"

கடையில் கேட்டேன். தீபாவளி வரைக்கும் லீவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாதாம். எடுத்தால் ஒரேயடியாக வீட்டில் இருந்துகொள்ளலாமாம்.

செப்டம்பர் 15

மதினியிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 23 – திங்கள்

பஸ் என்று சொன்னதும் கண்ணு தானே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஜன்னலோரம் உட்கார்த்தினேன். வழியெல்லாம் சிரித்துக்கொண்டு வந்தாள்.

முடிந்தது.

செப்டம்பர் 30

மதினி தூக்குச்சட்டியில் உளுந்தங்களி கொண்டு வந்தாள். "சாப்பிடட்டும், இடுப்புக்குப் பலம்." வாங்கி, அவள் பார்க்கவே சாக்கடையில் கவிழ்த்தேன். இதை ஜூன் மாதமே செய்திருக்கலாம்.

நவம்பர் 2 – சனி

தீபாவளி முடிந்து கடைக்கு லீவு. துணி மடித்துக்கொண்டிருந்தேன். கண்ணு பீரோவைத் திறந்து அந்த நீலத் துண்டை எடுத்து வந்தாள். என் கையைப் பிடித்து இஸ்திரிப் பெட்டி வரைக்கும் இழுத்துப்போய், இன்னொரு கையைத் தன் அடிவயிற்றில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"சூடு."

ரத்தம் இல்லை. இனி வரவும் வராது. தையல் வலியா, வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. கேட்கத் தெரியாத பிள்ளை என்றுதானே அவ்வளவும் செய்தோம். கேட்டுவிட்டாள்.

தேய்த்துக் கொடுத்தேன். ஆறியதும் மறுபடி கொண்டு வந்தாள். மறுபடி தேய்த்தேன். இவர் சட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார். "பெட்டி சூடாத்தான இருக்கு, இதையும் ஒரு இழுப்பு இழுத்துரு."

இழுத்தேன். காலர், கை, முதுகு, எல்லாம் சுருக்கமில்லாமல். நாலாக மடித்து, ஆறும் முன்னால் கண்ணுவின் வயிற்றில் வைத்தேன். அவள் குப்புறப் படுத்துக்கொண்டாள். இவர் பனியனோடு நின்றுகொண்டிருந்தார்.