சொல்லாதீங்க, கேளுங்க

ஜனவரி 8, வியாழன்

கைநாட்டு வைக்கிறவனுக்கு நாட்குறிப்பு. எனக்கே சிரிப்பாகத்தான் இருக்கிறது. நான் பேசினால் போன் எழுதிக்கொள்ளுமாம், மகள் பழக்கிவிட்டிருக்கிறாள். கொச்சையாகப் பேசினால் அதற்குப் புரிவதில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி நிறுத்திச் சொன்னால்தான் ஏற்றுக்கொள்கிறது. அதுவும் படித்த போன்.

இன்று அவள் கல்லூரியில் பெற்றோர் கூட்டம். கடைசி வருஷப் பிள்ளைகள் வேலைக்குப் போக நாம் எப்படித் துணை நிற்பது என்று ஒரு மேடம் பேசினார். பிள்ளை சொல்வதைத் தினமும் குறித்து வையுங்கள் என்றார். அதனால்தான் இந்தக் கூத்து. பிறகு, "உங்க நெட்வொர்க்கைப் பிள்ளைங்களுக்காகப் பயன்படுத்துங்க" என்றார். நான் கையைத் தூக்கி, "எங்க வீட்டுல குளியலறை ஜன்னல்கிட்ட நின்னாத்தான் மேடம் நெட்வொர்க் கிடைக்குது" என்றேன். அரங்கமே சிரித்தது. மகள் மட்டும் தரையில் எதையோ தேடினாள்.

ஜனவரி 9, வெள்ளி

"நெட்வொர்க்னா தெரிஞ்சவங்கப்பா" என்றாள் மகள்.

அட, அதுவா. அது என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கிறதே. வாழ்நாளெல்லாம் வீடுகளுக்கு வண்ணம் பூசியவன் நான். ஆள் பெயர் மறந்தாலும் அவர் வீட்டுச் சுவரின் நிறம் மறக்காது. வீட்டுக்கடன் கம்பெனி மேலாளர், கூடமெல்லாம் வெண்ணெய் நிறம். ஆற்றோரத்து அக்கா, கதவு நீலம், மாடி அறைக்கு இளம்பச்சை. பச்சை போதவில்லை என்று இரண்டு முறை அடிக்கவைத்தார். இன்னும் வக்கீல், பல் மருத்துவர், துணிக்கடைக்காரர். சொல்லிக்கொண்டே போனேன். "போதும்பா, எனக்கு வேணும்னா கேக்கறேன்" என்று இயர்போனைக் காதில் மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஜனவரி 12, திங்கள்

மேடம் சொன்ன இன்னொன்று: "சொல்லாதீங்க, கேளுங்க." அறிவுரையை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்க வேண்டுமாம். காலையிலேயே ஆரம்பித்தேன். ஏன் இவ்வளவு நேரம் தூக்கம்? போனில் யார்? அந்தச் சட்டையை இன்னுமா துவைக்கவில்லை?

"போலீஸ் ஸ்டேஷன்ல கூட விசாரணைக்கு நடுவுல டீ குடுப்பாங்க" என்றாள் இவள். இவள் என்றால் என் மனைவி. மகள் குனிந்து சாப்பிட்டாள். சிரித்தாளா முறைத்தாளா என்று முடி மறைத்துவிட்டது.

ஜனவரி 13, செவ்வாய்

இன்று ஒன்றுமே கேட்கவில்லை. தாடை வலிக்கிறது.

ஜனவரி 17, சனி

கேட்காமல் இருந்தால் தானாக வருகிறது. துணி மடித்துக்கொண்டே சொன்னாள். பாலங்களைச் சோதிக்கிற கம்பெனி ஒன்று இருக்கிறதாம். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு பாலத்துக்கு அடியில் இறங்கி, விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்கிற வேலை. கடைசி செமஸ்டர் முழுக்கப் பயிற்சிதான், கை பழகினால் வேலையே கிடைக்குமாம். முப்பதாம் தேதி நேர்காணல். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே, பண்டம் கண்ட குழந்தை.

சாரம் சரிந்து விழுந்தவன் நான். இந்த இடது கால் இன்றைக்கும் மழையை முன்கூட்டிச் சொல்லும். காலம் போன கடைசியில் பிறந்த ஒற்றைப் பெண். நாற்காலியில் உட்கார்ந்து விசிறிக்காற்றில் வேலை பார்க்கட்டும் என்றுதானே கட்டிடப் படிப்புக்கு அனுப்பினேன்? நாம் ஏறியது போதாதா?

வாயைத் திறந்து ஒன்றே ஒன்று கேட்டேன். "கயிறு யாருது?"

"கம்பெனியோடதுப்பா."

"ஓ."

ஜனவரி 20, செவ்வாய்

வீட்டுக்கடன் கம்பெனி மேலாளரை, அந்த வெண்ணெய்ச் சுவர் ஐயாவை, பார்த்துவிட்டு வந்தேன். என் பூச்சு இன்னும் உதிரவில்லை. மகளைப் பற்றிச் சொன்னேன். "கட்டிடம் படிச்ச பொண்ணா? வீடுகளுக்கு மதிப்புப் போட எங்களுக்கும் ஆள் வேணும், வரட்டும்" என்றார். நாற்காலி உண்டு, ஏசியே உண்டு. அவள் நம்பரைக் கொடுத்தேன். நெட்வொர்க் என்றால் இதுவல்லவா? இவளிடம் சொன்னேன். "அவகிட்ட கேட்டீங்களா?" என்றாள். பொறாமை.

ஜனவரி 21, புதன்

போச்சு. எல்லாம் போச்சு. அந்த ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டு, உங்க அப்பா சொல்லிட்டாரு, திங்கக்கிழமை வந்து சேர்ந்துக்கோங்கன்னுட்டாங்க. அவ கத்தல. கத்தியிருந்தாலும் பரவால்ல. "நான் கேட்டேனாப்பா?"ன்னு மெதுவா கேட்டா. அவ்வளவுதான். கதவச் சாத்திக்கிட்டா.

நான் என்ன கெடுதலா பண்ணிட்டேன்?

இன்று கொச்சையைக்கூட இந்தப் போன் எழுதிக்கொள்கிறது. மறுபடியும் கேட்கிறேன். கெடுதலா பண்ணிட்டேன்?

ஜனவரி 22, வியாழன்

பேச்சில்லை. என் தட்டு மட்டும் சத்தமாக வைக்கப்படுகிறது.

ஜனவரி 24, சனி

"நீங்க பூசினத நீங்களே போய்ச் சுரண்டிட்டு வாங்க" என்று இவள் சொல்லிவிட்டாள். போனேன். போகும் வழியெல்லாம் பொய் பொய்யாக ஒத்திகை பார்த்தேன்: மகளுக்கு மஞ்சள் காமாலை, ஏசி ஒத்துக்கொள்ளாது. ஐயா முன்னால் நின்றதும் உண்மை வந்துவிட்டது. "அவளக் கேக்காம கேட்டுட்டேங்க. அவளுக்கு வேற ஆசை இருக்கு. மூணு நாளா என்கிட்ட பேசலங்க."

ஐயா சிரித்தார். "என் பையனும் என்கிட்ட பேசி ஒரு வாரமாச்சு. உங்களுக்கு மூணு நாள்தானே?" டீ வரவழைத்தார். எங்கள் இருவருக்கும் அது தேவைப்பட்டது.

ஜனவரி 28, புதன்

மகளே கூடத்தில் இரண்டு நாற்காலியை எதிரும் புதிருமாகப் போட்டாள். "உக்காருங்கப்பா. நீங்கதான் கம்பெனி. கேள்வி கேளுங்க. நல்லாத்தான் பழகியிருக்கீங்களே."

"உக்காரும்மா" என்றேன்.

"அவங்க அம்மான்னு கூப்பிட மாட்டாங்கப்பா."

"சரிங்க. உக்காருங்க."

இவளும் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். "சம்பளம் வந்தா வீட்டுக்கு எவ்வளவு குடுப்பீங்க?"

"அம்மா, அவங்க அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"நான் பெரிய அதிகாரி, கேப்பேன்."

சிரித்து ஓய்ந்த பிறகு, நெஞ்சில் கிடந்ததைக் கேட்டேன். "உயரம்னா பயம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம் எதுக்கு வர்றீங்க?"

"பாலத்து மேல போறவங்க யாரும் அடியில குனிஞ்சு பாக்கறதில்ல சார். ஒருத்தராவது பாக்கணும்ல. எனக்குப் பாக்கப் பிடிச்சிருக்கு. பயம் இருக்கறதால முடிச்சை ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டுத்தான் இறங்குவேன்."

தண்ணீர் வேண்டும் என்றேன். "கம்பெனிக்கே தொண்டை வறண்டுபோச்சு" என்றாள் இவள்.

ஜனவரி 30, வெள்ளி

நேர்காணலுக்கு அவளோடு கம்பெனி கேட் வரைக்கும்தான் போனேன். அதற்கு மேல் என் நெட்வொர்க் இல்லை.

பிப்ரவரி 6, வெள்ளி

எடுத்துக்கொண்டார்கள். இவள் அழுதுகொண்டே, "கயிறு புதுசான்னு கேளுங்க" என்கிறாள். நான் கேட்கவில்லை. நேற்றே மகளிடம் கேட்டாயிற்று.

மார்ச் 15, ஞாயிறு

மகள் பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். முதல் வேலை ஆற்றுப் பாலத்தில். ஊரின் அந்தக் கோடி. இங்கிருந்து தினமும் போய்வர முடியாது. முகத்தைத் தூக்காமலே சொன்னாள்: "அப்பா, அந்தப் பக்கம் ஒரு ரூம் வேணும். உங்க நெட்வொர்க்ல யாராவது இருக்காங்களா?"

நீலக்கதவு, மாடி, இளம்பச்சை. எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன்.

"சொல்லட்டுமா, கேக்கட்டுமா?"

"சொல்லுங்கப்பா."

போனை எடுத்துக்கொண்டு போய்க் குளியலறை ஜன்னலருகே நின்றேன். முதல் மணியிலேயே ஆற்றோரத்து அக்கா எடுத்தார்.