குழாய் ஏறாத கரை

என்ர அப்பா,

நாளைக்குத் தலைமன்னாரில் உங்கள் ஆண்டு நினைவுப் பூசை. எனக்கு லீவு இல்லை. பூசைக்கு வராத மகளின் கடிதம் இது. நாலு பேர் வாசிக்கட்டும் என்றே வெளிப்படையாக எழுதுகிறேன். நீங்களும் எதையும் ஒளித்துப் பேசின ஆள் இல்லையே.

நீங்கள் ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லித் திரிந்த "காஸ் கரன்ட் ஸ்ரேசனில்" தான் இன்னும் வேலை. கொழும்புக்குப் பக்கத்தில், பெரிதும் இல்லாத சிறிதும் இல்லாத மின்நிலையம். பெரிய அனல் நிலையங்கள் சூடேறி எழும்ப நேரம் எடுக்கும். எங்களுடையது கூப்பிட்டவுடன் எழும்பும். நகரத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ஏசி போட்டாலும், எங்கேயாவது ஒரு லைன் விழுந்தாலும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

கேற்றில் "இயற்கை வாயு" என்று பெரிய எழுத்தில் இருக்கிறது. உள்ளே எரிப்பது டீசல். வாயு இன்னும் வரவில்லை, அப்பா. கப்பலில் வரும் என்றார்கள். பிறகு மன்னார்க் கடலில் இருந்தே வரும் என்றார்கள். வருவது டீசல் பவுசர் லொறிதான்.

எங்கள் கடலுக்கு அடியில் வாயு இருக்கிறது என்று ரேடியோ சொன்ன கிழமை, நீங்கள் நன்றிப் பூசை ஒப்புக்கொடுத்தீர்கள். வலை நிறைய மீன் பட்ட நாளில்கூடக் கொடுக்காத பூசை! அம்மா சிரித்தா. நீங்கள் சிரிக்கவில்லை. "காஸ் இஞ்சதான் கரையேறும். ஸ்ரேசனும் இஞ்சதான் வரும். என்ர பிள்ளை வீட்டில சாப்பிட்டிட்டு வேலைக்குப் போகும்" என்றீர்கள். நான் மின்சாரம் படிக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

பிறகு அரசாங்கக் கந்தோரில் இருந்து ஒருவர் வந்தார். சப்பாத்தோடு மணலில் நின்று, தென்கரையில் எங்கள் கரைவலைப் பாட்டுப் பக்கம் கையைக் காட்டி, "குழாய் இதாலதான் ஏறும்" என்றார். அவ்வளவுதான். ஒரு கடதாசி கூடக் காட்டவில்லை. அடுத்த நாள் நீங்கள் கரைவலையைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டீர்கள்.

பாடு என்றால் ஒரு குடும்பம் கரைவலை போட்டு இழுக்கிற கடற்கரைத் துண்டு. வலை விழாமல் கிடந்தால் அது வேறு ஆளுக்குப் போய்விடும். இது உங்களுக்குத் தெரியாததா?

"உங்களை ஆர் கேட்டது? குழாய் வருமெண்டு வலையைச் சுருட்டுற ஆளை உலகத்தில எங்கயும் காணேல்லை" என்று அம்மா கத்தினா.

"பொறு. குழாய் ஏறேக்க வலை கிடந்தா ரெண்டும் நாசம். பிள்ளையின்ர வேலைக்கு நாங்களே குறுக்க நிக்கிறதே?"

பாடு போனது. குழாய் வரவில்லை. நீங்களும் போய்விட்டீர்கள். கையைக் காட்டின அந்த மனுசன் மேல் எனக்கு ஆத்திரம். உங்கள் மேலும்தான். செத்தவர் என்பதற்காக மரியாதைக்குப் பொய் சொல்ல என்னால் முடியவில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா, அப்பா?

இப்போது தென்கரை முழுக்கக் காற்றாலைகள். காற்று விழுந்தால் அவை ஓய்ந்துவிடும். அந்தக் குறையை நிரப்பக் கட்டுப்பாட்டு நிலையத்தில் இருந்து எங்களுக்கு அழைப்பு வரும். போன கிழமை மத்தியானமும் வந்தது. "மன்னாரில் காற்றுக் குறைகிறது, உற்பத்தியைக் கூட்டுங்கள்" என்று சிங்களத்தில் சொன்னார்கள். கூட்டினேன். சாப்பாட்டு நேரத்தில் தம்பிக்குப் போன் எடுத்தேன்.

"அங்க காற்று விழுந்திட்டுது, என்ன?"

"ஓம் அக்கா, கடல் அசையாமக் கிடக்கு. உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"எனக்குத்தான் முதல் சொல்லுவினம். எங்க நிக்கிறாய்?"

"எங்கட பாட்டுக் கரையில. வலை இழுக்கிறம்."

"ஆரின்ர வலை?"

"பாட்டை எடுத்த சம்மாட்டி முதலாளியின்ர. கூலிக்குத்தான், அக்கா."

காற்று விழுகிற நாள் கரைவலைக்கு நல்ல நாள். அந்த நாளில் உங்கள் மகன் தன் சொந்தக் கரையில் கூலிக்கு இழுக்கிறான். உங்கள் மகள் கொழும்பில் டீசல் எரிக்கிறாள். நீங்கள் கேட்டது இதுதானா?

இன்னொரு செய்தியும் உண்டு. அந்தச் சம்மாட்டி தொழிலை விடுகிறாராம். அடுத்த மாதம் மீனவர் சங்கம் கூட்டம் வைத்து, பாட்டை வேறு ஆளுக்குக் கொடுக்கப் போகிறது. ஆனால் மறுபடியும் ஒரு கந்தோர் ஐயா வந்து, அதே கடலைப் பார்த்துக் கையைக் காட்டிவிட்டுப் போயிருக்கிறார். பாட்டை வெறுமையாக விடுவோம் என்று சிலர் கதைக்கிறார்களாம். தம்பியும் தடுமாறுகிறான். "அப்பா நம்பினது இனியாவது நடந்திட்டா?" என்று என்னையே கேட்கிறான்.

உங்கள் பூசைக்கு லீவு தராதவர்களிடம் சண்டை பிடித்தாவது அந்தக் கூட்டத்துக்கு வருவேன். வேலை உடுப்போடேயே வருவேன். வாயு நிலையத்தில் நான் எதை எரிக்கிறேன் என்று எழும்பி நின்று சொல்வேன். பாட்டைத் தம்பியின் பெயரில் கேட்பேன். நீங்கள் சுருட்டி வைத்த வலை இன்னும் அறைக்குள்தான் கிடக்கிறது. கிழிசலை அம்மா பொத்தத் தொடங்கிவிட்டா.

குழாய் வந்தால் வரட்டும், அப்பா. இந்த முறை நாங்கள் வலையை இழுத்து முடிக்கும்வரை அது காத்து நிற்கட்டும்.

உங்கட மூத்தவள்